தேங்காய் தாங்கிய நூல் தாமரை

அபயாம்பாள் எந்த வேலையையும் நாலு பேரிடம் அறிவித்துவிட்டுத்தான் தொடங்குவார். பாலக்காட்டிலிருந்து மணமாகி மாதுங்காவுக்கு வந்த பதினெட்டு ஆண்டுகளில், ரேடியோவுக்கு உறை, பால் தம்ளருக்கு மணி கோத்த மூடி, வாசலுக்குத் தோரணம் என்று அவருடைய குரோஷா ஊசி ஓய்ந்ததே இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். கற்றுக்கொடுங்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஏங்கியது அதற்குத்தான்.

1967-ஆம் ஆண்டு நவராத்திரிக்கு முந்தைய வாரம் அவரே துணிந்து மாதர் சங்கத்தில் கேட்டுவிட்டார்: சங்க அறையில் வாரம் ஒரு நாள் குரோஷா வகுப்பு நடத்தலாமா?

தலைவி பார்வதியம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூடி, உறைன்னு இனிமே யாராத்துலயும் வைக்க எடமில்லை மாமி. கையில எடுத்துண்டு போறாப்பல ஒண்ணு பண்ணிக் காட்டுங்கோ. அப்பறம் வகுப்பைப் பத்திப் பேசலாம்.”

“காட்டறேன். வர வெள்ளிக்கிழமை தாமரைப்பூ மாதிரி ஒரு கைப்பையோட வரேன். தோல் பையைக் கோவில்ல வாசலோட வச்சுட்டுப் போகணும். இதை உள்ளயே கொண்டு போகலாம். கொலுவுக்கு முன்னாடியும் வைக்கலாம்.”

“நூல் பையா?” என்றார் பின்வரிசையில் இருந்த நாகலக்ஷ்மி. “வெத்தலை பாக்கோட ஒரு தேங்காயைப் போட்டா முழங்கால் வரைக்கும் தொங்குமே!”

அறை முழுவதும் சிரித்தது.

“ரெண்டு தேங்காய் போட்டே காட்டறேன்” என்றார் அபயாம்பாள்.

அன்று மாலையே ரோஜா நிறத்தில் நூல்கண்டுகள் வாங்கினார். ஆறு பின்னல் கண்ணில் தொடங்கிய வட்டம் சுற்றுக்குச் சுற்று ஆறாறு கண்ணாகப் பெருகி, சாப்பாட்டுத் தட்டு அளவில் சமமாக விரிந்தது. ஒரு கண் கூடினால் பொரித்த அப்பளம்போல் நெளியும். ஒரு கண் குறைந்தால் கிண்ணம்போல் குழியும். வட்டத்தின் விளிம்பில் எட்டு இதழ்கள். இப்படி இரண்டு தாமரைகளைப் பின்னி, நடுவே ஒரு சாண் அகலப் பட்டை வைத்து இணைத்து, மேலிரண்டு இதழ்களை மட்டும் பையின் வாயாகத் திறந்துவிட்டார். குழம்பு கொதிக்கும்போதும் ஒரு கை ஊசியை விடவில்லை.

புதன்கிழமை பை முடிந்தது. ஆனால் துணிப்பைபோலத் துவண்டு கிடந்தது. அபயாம்பாள் கலங்கவில்லை. பருத்திப் புடவை விறைப்பாக நிற்பது எதனால்? சோற்றுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று இரண்டு கரண்டி ரேஷன் சர்க்கரையையும் கரைத்து, அதில் பையைத் தோய்த்து, ஒரு பித்தளைச் செம்பின்மேல் கவிழ்த்து, அடுப்பருகே உலர்த்தினார். மாலையில் பை தகரம்போல நின்றது. மகிழ்ச்சி தாளாமல் அண்டை வீடு மூன்றுக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

வியாழன் காலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரக் காற்றில் பதினாறு இதழ்களும் நமுத்துத் தலைகுனிந்திருந்தன. அடுக்களைச் சுவரிலிருந்து கட்டெறும்பு வரிசையொன்று நேராகத் தாமரைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

“காப்பியில சர்க்கரையே இல்லையேன்னு பார்த்தேன். இங்கயா இருக்கு?” என்றார் கணவர் சுந்தரராமன். மனைவியின் முகத்தைக் கண்டதும் குரலைத் தணித்துக்கொண்டார். “தாராவியில மெல்லிசாத் தோல் கெடைக்கும் அபயம். உள்ள வச்சுத் தைச்சுடேன். யாருக்குத் தெரியப்போறது?”

“ஏன்னா, தோல் வேண்டாம்னுதானே இந்தப் பையே! மத்தவாளுக்குத் தெரியாட்டா என்ன? நேக்குத் தெரியுமே.”

அபயாம்பாள் பையை அலசி எறும்புகளை விரட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் அன்னத்தாய் குரல் கொடுத்தாள். தாராவியில் குடியிருந்து, பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னி வீடுவீடாக விற்பவள் அவள்.

“என்ன மாமி, பூவப் புடிச்சுக் குளிப்பாட்டுதிய?”

அபயாம்பாள் நடந்ததைச் சொன்னார். அன்னத்தாய் பையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “நூலு எப்படி மாமி நிக்கும்? உள்ள எலும்பு வேணும்லா! விளிம்புல எங்க வயர வச்சு, அது மேலயே பின்னிப் பாருங்க.”

“வெளியில தெரியாதோடி?”

“நீங்கதான் அதச் சுத்திப் பின்னப் போறியளே, பெறகு எங்க தெரியும்? தண்ணியில முக்கினாலும் நமுக்காது.”

அபயாம்பாள் ஓர் இதழின் கடைசிச் சுற்றைப் பிரித்து, அவள் கொடுத்த வயரை விளிம்போடு பிடித்து, அதை உள்ளடக்கி ஒவ்வொரு கண்ணாகப் பின்னினார். இதழ் நிமிர்ந்தது. விரலால் அழுத்திவிட்டதும் மீண்டும் எழுந்தது.

“ஏன்னா, ஓடி வாங்கோ! நிக்கறது பாருங்கோ, நிக்கறது!”

அன்றும் மறுநாளும் சுந்தரராமன் கிண்டிய உப்புமாதான் அந்த வீட்டில் சாப்பாடு. மற்றப் பதினைந்து இதழ்களுக்கும் பட்டைக்கும் வயர் ஏறியது. கைப்பிடிக்குள் நான்கு இழை ஓடியது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கும் மழை விடவில்லை. அபயாம்பாள் குடையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, பையை மட்டும் வேண்டுமென்றே மழையில் நீட்டியபடி சங்கத்துக்கு நடந்தார். எதிரே வந்தவர்கள் விலகி நின்று பார்த்தார்கள். நீர் சொட்டச் சொட்ட மேசைமேல் வைத்த தாமரை, எந்தப் பிடிமானமும் இன்றி நிமிர்ந்து நின்றது.

பார்வதியம்மாள் இதற்கென்றே கொண்டுவந்திருந்த தேங்காய்களில் ஒன்றை உள்ளே வைத்தார். பிறகு இன்னொன்று. கைப்பிடியைப் பற்றித் தூக்கினார். பை விரற்கடை அளவுகூட இறங்கவில்லை. நாகலக்ஷ்மி எழுந்து வந்து, மூன்றாவது தேங்காயையும் போட்டுத் தானே தூக்கிப் பார்த்தார்.

“இந்த எதழ் மட்டும் கோணியிருக்கு” என்றார்.

“அவசரத்துல வளைஞ்சுடுத்து” என்று அபயாம்பாள் அதை விரலால் நிமிர்த்தினார். அது அப்படியே நின்றது.

“செவ்வாய்க்கிழமை வகுப்பு வச்சுக்கலாம்” என்றார் பார்வதியம்மாள்.

“செவ்வாய் வரைக்கும் எதுக்கு? நாளைக்கே!”

“நாளைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை மாமி, மாவெளக்குப் போடணும்” என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

“அதெல்லாம் மத்தியானத்துக்குள்ள ஆயிடுமே. மூணு மணிக்கு வாங்கோ.”

பார்வதியம்மாள் பெயர்களைக் கேட்டு எழுதத் தொடங்கினார். ஒன்பது பெயர்கள் சேர்ந்தன. அதற்குள் அபயாம்பாள் கொண்டையில் செருகியிருந்த ஊசியை உருவி, நாகலக்ஷ்மியின் கையில் திணித்து, விரலில் நூலையும் சுற்றிவிட்டிருந்தார்.

“இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதேள். ஊசி எங்கயும் ஓடிப் போகாது. ம், இழுங்கோ... இதுதான் முதல் சங்கிலிக் கண்.”