சுடுகாடு இல்லாத தீவு

2024 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.10. பாரோய் நகரிலிருந்து வந்ததாகச் சொன்ன வெளிநாட்டு வேலை முகவர், எங்கள் வீட்டு மேசைமீது ஒரு தீவு நாட்டை விரித்தார். பளபளப்பான தாளில் நீலக் கடல், சிவப்புக் கூரைகள், சிரிக்கும் மக்கள். செண்டாயான் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்த்து அலுத்திருந்த அண்ணனுக்கு அங்கே தங்கும் விடுதியில் மேற்பார்வையாளர் வேலை. மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து அவனுடைய பயணக் கடப்பிதழை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

அந்த நாட்டின் பெயரைக் கைப்பேசியில் தேடினேன். ஒரே ஓர் இணையப்பக்கம் வந்தது. அதிலும் இதே படங்கள்.

"சின்ன நாடு லா தங்கச்சி. மொத்தமே நாலு கம்போங், நாலே கிராமம். அதான் மேப்புல காட்டாது" என்றார் எட்டிப் பார்த்த முகவர்.

அந்நாட்டுச் சமூகத்தைப் பற்றி ஒப்பிப்பதுபோல் சொன்னார். திருட்டு இல்லை, சண்டை இல்லை, முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். லிங்கிப் பக்கத்திலிருக்கும் எங்கள் தோட்டக் குடியிருப்பில் தண்ணீர்க் குழாயடியிலேயே இரண்டு கட்சி உண்டு. குறைசொல்ல ஒருவர்கூட இல்லாத ஊரை என்னால் நம்ப முடியவில்லை. ஆனாலும் அண்ணனின் முகத்திலிருந்த மலர்ச்சியைப் பார்த்துக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மா மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். வேறு தோட்டத்துக்கு யார் குடிபோனாலும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். அவற்றையே கேட்டார்.

"கோயிலு எங்க இருக்கு தம்பி?"

"ஹோட்டல் பக்கத்துலயே இருக்குக்கா."

"சுடுகாடு?"

முகவர் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். "அங்க அவ்வளவா யாரும் சாகறது இல்லக்கா. நல்ல காத்து."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேலைக்குப் போறப்ப சுடுகாட்டையாம்மா கேப்பீங்க?"

"ஆளு குடியிருக்கற எடம்தானடா? எரிக்கவோ பொதைக்கவோ ஒரு எடம் வேணாம்?"

முகவர் மைலோவைத் தொடாமலே எழுந்தார். வாசலில் அத்தனை இடம் இருந்தும், அவருடைய கார் தொலைவில் சாலை முனையில், வெளியே செல்லும் திசை பார்த்து நின்றது. அண்ணன் கடப்பிதழைச் சாமிப் படத்தின்முன் வைத்தான்.

மறுநாள் காலை ஆறரைக்கு அதை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டு, அவனை எழுப்பினேன்.

"பாஸ்போர்ட் என்கிட்ட இருக்குண்ணே. சுடுகாடு எங்கன்னு அவரு சொல்லட்டும், நானே குடுக்கறேன்."

"படிச்ச திமிரா ஒனக்கு?" என்று தொடங்கி நெடுநேரம் ஏசினான். நான் அன்று வகுப்புக்குப் போகவில்லை. வாசற்படியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். ஒன்பதரைக்கு அவன் என்னுடைய கேள்வியைக் கைப்பேசியில் முகவருக்கு எழுதி அனுப்புவதைப் பார்த்தேன். பத்து மணிக்கு யாரும் வரவில்லை. பத்தரைக்கு அழைத்தான், எண் பயன்பாட்டில் இல்லை. பதினொன்றுக்கு அவன் என் அருகில் வந்து உட்கார்ந்தபோது, கடப்பிதழை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.