பொட்டு வைத்த மூக்கு

எங்கள் மாப்பிள்ளை குமாரசாமிக்கு நாமக்கல் பக்கத்தில் மூக்கால் வந்த பேர். கோழிப்பண்ணைக்காரர்கள் தீவனத்துக்கு மக்காச்சோளம் இறக்கும் முன் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருதரம் மோந்தால் பூஞ்சை பிடித்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். மோந்துவிட்டு நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். கடிப்பது எதற்கென்று யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளையை நான் கேட்பேனா?

காய்ச்சல் ஒன்று வந்து போனதிலிருந்து அவருக்கு வாசமே தெரியாது. பால் தீய்ந்து ஊடெல்லாம் புகைய, பக்கத்து அறையில் உட்கார்ந்து செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். என் மகள் செல்லியம்மாள் அன்றைக்கே கண்டுகொண்டாள். "ஊருக்குத் தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சு போயிருவாரும்மா" என்றாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

பேத்தி தனப்பிரியா சேலத்தில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிறாள். தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் கோழிக்கொட்டகைத் தூணில் மாட்டினாள். அதன் முகத்தில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் கிராஃபீன். பென்சில் கரிதானாம், ஆனால் அதைவிட மெல்லிசாகச் சாமியாலும் சீவ முடியாதாம். கோழி எச்சத்திலிருந்து கிளம்பிக் கண்ணைக் கரிக்குமே அம்மோனியா, அது மேலே பட்டதும் உள்ளே ஓடுகிற கரண்டு மாறுமாம். அளவு மீறினால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை.

"எம்மூக்குக்குத் தெரியாததா இதுக்குத் தெரியப்போகுது?" என்றார் மாப்பிள்ளை. ஆனால் சிவப்பு எரிந்தால், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, காற்று வரட்டுமென்று பக்கப் படுதாவைச் சுருட்டிவிடுவார். பெட்டிமேல் அவருக்கு அத்தனை பாசம் வந்துவிட்டது. ஆயுதபூசையன்று லாரிக்கும் முன்னால் அதைத் துடைத்து, சந்தனம் குழைத்து, முகத்தில் நடுவாகப் பார்த்துப் பொட்டு வைத்தார்.

அன்றிலிருந்து பச்சைதான். "பூசை பண்ணுனதும் பெட்டி அடங்கிருச்சு பாத்தீங்களா அத்தை?"

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடிக்கக்கூடாதென்று நாலு பக்கமும் படுதா. முட்டை பொறுக்குகிற பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"உள்ள நிக்க முடியலீங்க."

"பெட்டி பச்சையாத்தான இருக்குது? வெங்காயம் உரிச்சிட்டு வந்திருப்பே" என்றார் மாப்பிள்ளை.

"ஊட்ல வெங்காயமே இல்லீங்க."

தீபாவளிக்கு வந்த தனப்பிரியா கொட்டகைக்குள் கால் வைத்ததும் முந்தானையால் முகத்தைப் பொத்தினாள். "அப்பா, உங்களுக்கு நாறலீங்களா?"

"பெட்டியப் பாரு, கண்ணு."

"பெட்டியக் கேக்கலீங்க. உங்க மூக்கக் கேக்கறேன்."

அவர் திரும்பிக் கூண்டைப் பார்த்தார். முட்டைக்கு வந்த புதுக் கோழிகள் கண் வீங்கி, இமை ஒட்டி நின்றன. பெட்டியைக் கழற்றிய பிள்ளை, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிக் காட்டினாள். "மூக்க அடைச்சிட்டீங்களேப்பா."

"எனக்குத்தான் ரொம்ப நாளா இல்லீயே கண்ணு" என்றார். சொல்லிவிட்டு மழையில் இறங்கி, அத்தனை படுதாவையும் தானே சுருட்டினார்.

பாதிக்குமேல் கோழிகள் கண் திறந்தன. மீதியை என்ன செய்ய? பழசு வீணாகிப் புதிதாக மாட்டிய பெட்டிக்கு இப்போது பொட்டு முதுகில். வைக்கவே வேண்டாமென்கிறாள் பேத்தி. அதெப்படி வைக்காமல் விடுவது?

போன வாரம் பக்கத்துப் பண்ணைக்காரர் சோளம் கொண்டுவந்து நீட்டினார். மாப்பிள்ளை மோக்கவில்லை. "பாவாயி, மோந்து சொல்லு."

அவள் மோந்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். "நானும் அதையேதான் நெனச்சேன்."