சுடுதண்ணீரில் வழுக்கிய டைல்ஸ்

எங்கள் அண்ணிக்குத் தொழிற்சாலையில் ‘சக்கையம்மா’ என்று பெயர். டைல்ஸ் ஒட்டும் சிமென்ட் கலவை தயாரிக்கிற இடம் அது. மூட்டை தைக்கச் சேர்ந்தவர், மூன்றே வருடத்தில் மாடியிலிருக்கும் சோதனை அறைக்குள் புகுந்துவிட்டார். வீணாய்ப் போகும் மக்காச்சோளத் தண்டைக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, இன்னும் என்னென்னவோ செய்து வெள்ளைப் பொடி எடுப்பார். மெத்தில் செல்லுலோஸாம். கலவையில் துளி சேர்த்தால், தண்ணீரைச் சுவர் உறிஞ்சிவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம், டைல்ஸும் வழுக்காதாம்.

நான் டைல்ஸ் பதிக்கிறவன். அனுபவம் இருபது வருடம், வாய் அதைவிட நீளம்.

“மாடு திங்கிறதையா அண்ணி சுவத்துல பூசப் போறீங்க?”

“அந்த நார் தண்ணியில கரையவே கரையாது தம்பி. கொஞ்சம் மாத்தினா கரைஞ்சு கொழகொழன்னு ஆயிடுது. எப்படின்னு யோசிச்சுப் பாருங்களேன்!”

எனக்கு யோசிக்கவெல்லாம் நேரமில்லை.

முதலாளிக்கோ பொறுமையில்லை. “திங்கட்கிழமை என் கண்ணு முன்னாடி டைல்ஸ் நிக்கணும். வழுக்கிச்சுன்னா இந்த அறைய மூடிடுவேன். நீங்க பழையபடி மூட்டை தைக்கப் போங்க” என்று சொல்லிவிட்டார்.

பதிக்க என்னைத்தான் கூப்பிட்டார் அண்ணி. திங்கட்கிழமை பொடி, சிமென்ட், மணல் மூன்றையும் உலர்வாகவே கலந்து வைத்து, “தண்ணி ஊத்திக் கலக்குங்க, முதலாளியக் கூட்டிட்டு வரேன்” என்று போனார். நான் சும்மா இருந்திருக்கலாம். மாவு கரையச் சூடு வேண்டாமா? கஞ்சி காய்ச்சத் தெரியாதவனா நான்? கெட்டிலில் கொதிக்கவைத்து ஊற்றினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

கலவை நீர்த்துப்போய், ஒட்டிய டைல்ஸ் சர்ரென்று வழுக்கி முதலாளியின் காலடியில் உடைந்தது.

“போதும்மா. நாளைக்கு மூட்டைப் பக்கம் போயிடுங்க” என்று அவர் இறங்கிப் போய்விட்டார்.

அண்ணி அழவில்லை. சட்டிக்குள் விரலை விட்டார்.

“சுடுதண்ணியா ஊத்தினீங்க?”

“நல்லா கரையட்டுமேன்னு...”

“இது பச்சத்தண்ணியிலதான் கரையும் தம்பி. கஞ்சிக்கு நேர்மாறு.”

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

படிகளில் தடதடவென இறங்கி ஓடினேன். முதலாளி கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

“ஐயா, அந்தப் பொடி மேல தப்பில்ல. எந்த வீட்டுல டைல்ஸ் விழுந்தாலும் சிமென்ட்டத் திட்டுவேன், சுவத்தத் திட்டுவேன். என் தப்புன்னு ஒருநாளும் சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்றேன், கெடுத்தது நான்தான். இன்னொருதரம் பாருங்க.”

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே மேலே வந்தார்.

இந்த முறை பச்சைத்தண்ணீர். கலவை கரண்டியிலேயே கெட்டியாக நின்றது. டைல்ஸை ஒட்டினேன். முதலாளி கட்டைவிரலால் கீழ்நோக்கி அழுத்திப் பார்த்தார். நகரவில்லை. மறுபடி அழுத்தினார்.

“சரி, அறை இருக்கட்டும்” என்றார்.

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால், அண்ணி அதைக் காதிலேயே வாங்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“தம்பி, நீங்க ஊத்தினப்போ தண்ணி தளதளன்னு கொதிச்சுதா, வெறும் சூடா? அதே மாதிரி இன்னொருவாட்டி தப்பா கலக்கிக் காட்டுங்களேன்!”