கழற்றி வைத்த கைக்கடிகாரம்

பாயான் பாருவில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டில்தான் அந்தத் திகில் படத்தை எடுத்தார்கள். கையில் காசில்லாத கூட்டம். வீடு என்னுடையது, சமையலும் என்னுடையது. நடிக்க வேண்டியவள் வராமல் போனதால், அடிவாங்கும் மனைவியும் நானே ஆனேன்.

கணவனாக நடித்தவர் கதவைத் திறந்ததுமே கத்திக்கொண்டு கையை ஓங்கினார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“அப்படி இல்ல தம்பி,” என்றேன் இயக்குநரிடம். “கத்தவே மாட்டான். முதல்ல வாட்ச்சக் கழட்டி மேசமேல வைப்பான். அது உடைஞ்சிடக்கூடாதுல்ல.”

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“பதினோரு வருசம் அவன்கூட வாழ்ந்தேன்லா. கேமராவ ஓட விடு.”

செபராங் ஜெயாவில் படத்தைத் திரையிட்ட அன்று, என் முன்னாள் கணவனும் சொந்தக்காரர்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். திரையில் அந்தக் கடிகாரம் மேசைக்கு வந்ததும் அவன் தன் மணிக்கட்டைப் பொத்திக்கொண்டான். பிறகு குனிந்த தலையோடு எழுந்து வெளியே போனான்.

நான் நகரவில்லை. கடைசியில் எழுத்து ஓடியபோது என் பெயர் மூன்று முறை வந்தது: வீடு, சாப்பாடு, நடிப்பு. மூன்று முறையும் முதலில் கைதட்டியது நான்தான்.