மேப்பில் இல்லாத வீடு

செண்பகனூரில் நான் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியில், கோடைச் சுற்றுலா சீசன் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் புதையல் வேட்டை நடத்துவோம். படிக்கத் தெரியாத வயதுப் பிள்ளைகள் என்பதால், அவர்கள் கையில் கொடுக்கும் மேப்பில் ஓர் எழுத்துகூட இருக்காது. எல்லாம் படங்கள்தான். பள்ளி கேட், தண்ணீர்த் தொட்டி, குகைபோல் கட்டி மாதா சிலை வைத்திருக்கும் கெபி, ஓடை மேல் மரப்பாலம், கடைசியில் பேரிக்காய் மரம். மரத்தடியில் கடலை மிட்டாய் நிறைந்த பிஸ்கட் டின். மேப் வரைவது என் பொறுப்பு.

எதையும் ஒழுங்காகச் செய்து முடித்தால்தான் எனக்கு மனம் அடங்கும். மேப்புக்கும் ஒரு முறை வைத்திருக்கிறேன். அட்டையும் பென்சிலுமாக அந்த வழியில் நடந்து, திருப்பத்துக்குத் திருப்பம் குந்தி உட்கார்ந்து பார்ப்பேன். நின்று பார்த்தால் எனக்குத் தெரிவது மலையும் சைப்ரஸ் மர உச்சிகளும். குந்தினால்தான் பிள்ளைகளுக்குத் தெரிவது தெரியும்: தொட்டியின் குழாய், கெபி முன்னால் உருகிக் கிடக்கும் மெழுகு, பாலத்தில் உடைந்த பலகை. அந்த உயரத்தில் எது பெரிதாகத் தெரிகிறதோ அதை விட்டுவிடக் கூடாது. புதிதாக வரும் டீச்சர்களுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

போன ஆண்டும் அப்படித்தான் நடந்தேன். கெபியைத் தாண்டிய திருப்பத்தில் குந்தியபோது கண்ணை நிறைத்தது ஒரு வீடு. தகரக் கூரை, பக்கவாட்டில் நீலத் தார்ப்பாய், கதவு இருக்க வேண்டிய இடத்தில் சாக்குப் படுதா. என் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் வீடு அது. அவள் அம்மா பஸ் நிறுத்தத்தில் அவித்த சோளம் விற்பவர். வீட்டைப் பென்சிலில் வரைந்துகொண்டேன். வாசலில் இருந்த குடத்தையும் விடவில்லை.

அன்று மாலை வண்ணம் தீட்ட உட்கார்ந்தபோது அந்த இடம் மட்டும் உறுத்தியது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் மேப் போகும். அதற்கு முந்தைய மேப்பைப் பார்த்துவிட்டு எவ்வளவு அழகு என்று எழுதியிருந்தார்கள். ரப்பரை எடுத்து வீட்டை அழித்தேன். அந்த இடத்தில் நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்த புதர் ஒன்றை வரைந்தேன். அப்படியொரு புதர் அந்த வழியில் எங்குமே இல்லை. படம் நன்றாக வந்திருந்தது. திருப்தியோடு எடுத்து வைத்தேன்.

வேட்டை நாளன்று கலர் ஜெராக்ஸ் எடுத்து, குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். என்னோடு வந்த குழுவில் மேப்பைப் பிடிக்கும் முறை அந்தச் சிறுமிக்கு. தொட்டியைக் கண்டுபிடித்தாள். கெபியில் சிலுவை போட்டுக்கொண்டு ஓடினாள். திருப்பத்தில் சட்டென்று நின்றுவிட்டாள்.

“மிஸ், இது வேற வழி. திரும்பிப் போவோம்.”

“ஏன்மா?”

“இங்க எங்க வீடு இல்ல.”

பின்னால் வந்த பையன் சிரித்தான். “ஏ புள்ள, உனக்குக் கண்ணு தெரியலயா? அந்தா கெடக்கு உங்க வீடு!”

“இங்க இருக்கு. மேப்ல எங்கடா இருக்கு? நீயே காட்டு.”

அவனும் தேடினான். எல்லோரும் தலையை நீட்டித் தேடினார்கள். “பூச்செடிதான் இருக்கு. அப்ப இது வேற ஊரு மேப்பா மிஸ்?” என்றான். அவள் தாளைத் திருப்பி, வீடு பின்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள். வெள்ளைத் தாள். அதை அவள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

சத்தம் கேட்டுப் படுதாவை விலக்கிக்கொண்டு அவள் அம்மா வந்தார். “என்ன டீச்சர், இங்கனயே நின்னுட்டீங்க? வெரசா போங்க, மழ எறங்கப் போகுது.”

“அம்மா, மிஸ் நம்ம வீட்டப் போட மறந்துட்டாங்க,” என்றாள் அவள்.

“ஆமாம்மா. மறந்துட்டேன்,” என்றேன். பொய் அவ்வளவு எளிதாக வந்தது.

அம்மா மேப்பை வாங்கிப் பார்த்தார். கெபியைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் பூத்திருந்த புதரை விரலால் தொட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“நல்லாத்தான் இருக்கு டீச்சர். நாங்களும் ஒரு பூச்செடி வைக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கோம். எங்க, சோலி விட்டாத்தான?”

பையிலிருந்து பழுப்பு கிரேயானை எடுத்து, ஒரு கல்லின் மேல் தாளை வைத்து, புதர் மேலேயே வீட்டை வரைந்தேன். படுதா, குடம், தார்ப்பாய் என்று அவள் சொல்லச் சொல்லப் போட்டேன். நீலப் பூக்கள் தார்ப்பாய்க்கு உதவின. அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். “கூரை மேல கல்லு வைக்கலயே டீச்சர். எங்க காத்துக்குப் பறந்துரும்ல?” கல்லும் வைத்தேன். “இப்பச் சரி,” என்று சொல்லிவிட்டு அவள் மேப்பைத் தூக்கிப் பிடித்தபடி பாலத்தை நோக்கி ஓடினாள். கடலை மிட்டாய் கிடைத்தது. மற்றக் குழுக்களின் தாள்களில் புதர் அப்படியே இருந்தது.

இந்த ஆண்டு மேப்பில் முதலில் வரைந்தது அந்த வீட்டைத்தான், கூரைக் கல்லோடு. அதனால் எதுவும் தீர்ந்துவிடவில்லை. மிஸ்ஸுக்கு மறதி அதிகம் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. எதையும் மறந்து பழக்கமில்லாத என்னைக் காலையில் கேட்டில் நிறுத்தி விசாரிக்கிறாள். “மிஸ், சாக்பீஸ் எடுத்தீங்களா? சாப்பாடு? கொடை?” ஆரம்பத்தில், எடுத்துட்டேன் என்று சொன்னேன். அவள் முகம் வாடியது. இப்போது, “அடடா, கொடைய மறந்துட்டேனே,” என்கிறேன். ஆபீஸ் குடையைக் கொண்டுவர உற்சாகமாக உள்ளே ஓடுகிறாள்.

என் குடை தோள்பைக்குள்தான் இருக்கிறது. பையின் வாய்க்கு மேலே பிடி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அவள் உயரத்துக்கு அது தெரியாது. அவளைக் கொண்டுவந்து விடும் அம்மாவுக்குத் தெரியும். அவர் அதைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார், சோளக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறார்.