ஐந்தாம் எண் சட்டை

இடது கை இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை சிவப்புப் பேனாவால் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே இடைவெளி. நக ஓரங்களில், துணியில் குறிபோடும் சாக்கட்டியின் நீலம் படிந்திருந்தது. எத்தனை தேய்த்தாலும் அது போவதில்லை. கோடு காய்ந்ததும் அந்தக் கை நீலப் பேனாவை எடுத்தது. முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் காட்டியது. மூன்றாவதில் சொன்னது. நாலாவது, மற்ற மூன்றையும்விட அகலமான கட்டம், தப்புக்கு.

'11.9.84. பூப்பந்து, மாவட்டப் போட்டி. இருபது நிமிடம். தப்பு இல்லை.'

அடுத்த வரியில் '18.9.84' என்று எழுதியதும் கை நின்றது. அந்த வாரத்தை மனப்பாடமாகச் சொல்ல முடியும். இருந்தாலும் மூலத்தைப் பார்க்காமல் எழுதுவது செங்கல்வராயனுக்குப் பழக்கம் இல்லை. டிவிக்காரப் பெண் விட்டுப்போன ஃபைலை இழுத்தார்.

ஆவடியில் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையை விரித்துப்போட்டு, அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுவார். காலர் முனை ஒரு நூல் பிசகினாலும் சாக்கட்டியால் வட்டம் போட்டுத் திருப்பிவிடுவார். தையல் பிரிவில் அவரைத் திட்டாத வாய் கிடையாது. அவருடைய தங்கை கன்னியம்மாவும் அங்கேதான் மிஷின் ஓட்டுகிறாள். அவள் சட்டைக்கும் வட்டம் விழும்.

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு அந்தக் கண்ணுக்கு வேறு வேலை. 1981 ஜனவரியில் 'திடலைச் சுற்றி' நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து, குவார்ட்டர்ஸ் மன்றத்து டிவி முன்னால் முதல் வரிசையில் அவர் உட்கார்ந்திருப்பார். ஹாக்கி, கைப்பந்து, சைக்கிள் பந்தயம், எது வந்தாலும் நோட்டில் குறித்துக்கொள்வார். அப்போது நோட்டில் மூன்று கட்டம்தான். நிகழ்ச்சி நடத்திய ராஜசேகரன் மேல் மரியாதைகூட இருந்தது.

எண்பத்து நாலு செப்டம்பரில் அந்த டிவிக்காரர்கள் அம்பத்தூருக்கு வந்தார்கள். தொழிற்சாலைகளுக்கு இடையே நடந்த பெண்கள் கபடி இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் கன்னியம்மா பாடிப் போய், நாலு பேரைத் தொட்டுவிட்டு, ஐந்தாமவள் காலைப் பிடித்து இழுக்க இழுக்க நடுக்கோட்டில் விரலை வைத்தாள். அவள் போட்டிருந்தது ஐந்தாம் எண் சட்டை. அதையெல்லாம் அப்போது ஊமைப்படமாகத்தான் எடுத்துப் போனார்கள். பேச்சை அப்புறம் நிலையத்தில் உட்கார்ந்து, செங்கல்வராயன் எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியலைப் பார்த்துச் சேர்ப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை மன்றத்தில் நிற்க இடம் இல்லை. கன்னியம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். படத்தில் அவள் பாடிப் போனாள், நாலு பேரைத் தொட்டாள். ராஜசேகரனின் குரல் சொன்னது: "புஷ்பா. அபாரமான ஆட்டம்."

மறுநாள் கேன்டீனில், அதே அணியில் ஆடிய புஷ்பாவுக்கு மாலை விழுந்தது. இது நான் இல்லை என்று புஷ்பா சொல்லவில்லை. அடுத்த மாதம் மாநிலப் பயிற்சி முகாமிலிருந்து கடிதம் அவள் பெயருக்கு வந்தது, போயும் வந்தாள். கன்னியம்மா அதற்குப் பிறகு திடலில் கால் வைக்கவில்லை. இருவர் மிஷினும் முதுகுக்கு முதுகாகத்தான் இருந்தன. பன்னிரண்டு வருடம், ஒரு நூல்கண்டுகூட அந்தப் பக்கம் கேட்டு வாங்கியதில்லை.

செங்கல்வராயன் நோட்டில் நாலாவது கட்டம் அந்த வாரம்தான் வந்தது. வாரம் ஒரு கார்டு. 'கன்னியம்மாவைப் புஷ்பா என்றீர்கள். என் கையால் தெளிவாக எழுதிக் கொடுத்த பட்டியலைப் படிக்கத் தெரியவில்லை' என்பது முதல் கார்டு. அதற்குப் பதில் வராததால் எல்லாத் தப்புக்கும் கார்டு போனது. கோல் எண்ணிக்கை, கேப்டன் பெயர், தலைகீழாக ஓடிய படம். கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் காட்டாமல் போன வாரங்கள். ராஜசேகரனின் மீசை ஒரே வாரத்தில் கறுத்ததும் நாலாவது கட்டத்தில் இருந்தது. தொண்ணூற்றொன்றில் அரைமணி நேரம் இருபது நிமிடமாகச் சுருங்கியது. வீட்டுக்கு வீடு கேபிள் வந்த பிறகு, ஏழு மணி நிகழ்ச்சியை ஐந்தரைக்குத் தள்ளினார்கள். குவார்ட்டர்ஸில் அதைப் பார்க்க ஆள் இல்லை. செங்கல்வராயன் ஷிப்டை மாற்றிக்கொண்டு பார்த்தார்.

போன மாதம் ராஜசேகரனே ஜீப்பில் வந்து இறங்கினார். கூட பத்மா, நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த உதவியாளர்.

"நீங்கதானா அந்த ஆவடி கார்டு?" என்றார் ராஜசேகரன், செருப்பைக் கழற்றாமல்.

"நாந்தான்."

"அறுநூறு கார்டு. என் சம்சாரம்கூட என்னை இவ்வளவு திட்டினதில்ல."

"அவங்க டிவி பாக்கறதில்ல போல."

பத்மா நடுவில் புகுந்தாள். "சார், டிசம்பர் முப்பத்தொண்ணோட நிகழ்ச்சி முடியுது. கடைசி வாரம் பதினாறு வருஷத்தையும் சொல்லணும். எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. வீடியோ நாடாவை அழிச்சு அழிச்சு அது மேலயே எடுத்துட்டாங்க. எந்த வாரம் என்ன காட்டினோம்னு சொல்ல உங்க கார்டுதான் இருக்கு. அதுவும் தப்பை மட்டும் சொல்லுது."

"மத்தது நோட்ல கீது. சுத்தமா எழுதித் தரேன்மா. ஆனா ஒண்ணு. இவரு கடைசி வாரம் வாயத் தொறந்து சொல்லணும். அஞ்சாம் நம்பர் சட்டை கன்னியம்மா, நான் தப்பா சொல்லிட்டேன்னு."

"எனக்குக் குடுத்த காகிதத்தைத்தான் படிச்சேன்."

"காயிதம் நான் எழுதினது. அதுல தப்பு இருக்காது."

ராஜசேகரன் சிரித்தார். "கடவுள்கூட இப்படிப் பேசமாட்டார். எழுதிக் கொடுங்க, பாக்கலாம்." பத்மா ஃபைலை வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினாள்.

இப்போது அந்த ஃபைலில் எண்பத்து நாலாம் வருடத்துக் கட்டைப் பிரித்தார். முதல் கார்டு இருந்தது. அதோடு துருப்பிடித்த குண்டூசியில் ஒரு காகிதம். அவர் கையெழுத்து, ஆட்டக்காரர்கள் பட்டியல்.

இடது ஓரத்தில் ஒன்றிலிருந்து ஏழு வரை வரிசை எண். எதிரே ஏழு பெயர். தொழிற்சாலையில் எந்தப் பட்டியலும் தொழிலாளியின் டோக்கன் எண் வரிசையில்தான் போகும். சம்பளமானாலும் துணிக்கட்டானாலும் அப்படித்தான். கை தன்னால் அப்படியே எழுதியிருந்தது. டோக்கன் எண் வெளியாளுக்கு எதற்கு என்று விட்டிருந்தார். சட்டை எண்ணையும் எழுதவில்லை. சட்டைகளுக்கு எண் போட்டது உயரத்தை வைத்து. குள்ளச்சிக்கு ஒன்று, நெட்டச்சிக்கு ஏழு. கன்னியம்மாவுக்கு ஐந்து. பட்டியலில் ஐந்துக்கு எதிரே இருந்தது புஷ்பா.

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை. மறுபடி முன்பக்கம் பார்த்தார். அதைக் கிழித்துப்போட்டால் கேட்க ஆள் இல்லை. ராஜசேகரன் அதை அப்புறம் எடுத்துப் பார்க்கவே இல்லை என்பது குண்டூசியின் துருவிலேயே தெரிந்தது.

அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு மேற்கொண்டு எழுதினார். இரண்டு வாரத்தில் மீதி எல்லாம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாரிவாக்கத்துத் தன் வீட்டிலிருந்து கன்னியம்மா வந்தாள். அவர் எழுதிவைத்த நோட்டைப் புரட்டியவள் நேராக அந்தத் தேதிக்குப் போனாள்.

"இன்னாண்ணே, எல்லாம் ரொம்பிகீது, என்து மட்டும் காலியா கீது?"

அவர் காகிதத்தை அவள் முன் வைத்தார். அவள் விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு போனாள். மூன்றாவது பெயரிலேயே விரல் நின்றுவிட்டது.

"இது டோக்கன் வரிசையாச்சே."

"ஆமா."

"சட்ட நம்பர் எங்க?"

"போடல."

"யார் எழுதினது?"

"நாந்தான் கன்னி."

அவள் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவள் குரல் உயரவில்லை. "பன்னெண்டு வருசம். அந்தாள ஊரெல்லாம் நாறடிச்சுகினு கீற. நான் அவளுக்கு முதுகக் காட்டிக்கினு தச்சிகினு கீறேன்."

"அந்தப் புஷ்பா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"அவ தப்பு அவளாண்ட கீது. உன்து எங்க கீது? காலியாதான கீது." அவள் சிவப்புப் பேனாவை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். "என் சட்டைக்கு எத்தினி வட்டம் போட்டுகீற. ஒரு நூல் நவுந்துச்சுன்னு ஒரு நாள் முச்சூடும் பிரிக்க வச்ச. இப்ப போடு."

அவர் எழுதினார். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். எழுதி முடித்ததும் தன் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். அண்ணி கொண்டுவந்த டீயை அவள் தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் கேட்டாள். "அந்தாள் எப்ப வரான்?"

"வியாயக்கெழம."

"லீவு போட்டு வரேன்."

வியாழக்கிழமை ராஜசேகரன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தைத்தான் செங்கல்வராயன் திறந்து நீட்டினார். பிடியை விடவில்லை. ராஜசேகரன் குனிந்து படித்தார்.

'18.9.84. பெண்கள் கபடி. ஐந்தாம் எண் சட்டை கன்னியம்மா. புஷ்பா என்று சொல்லப்பட்டது. தப்பு: டோக்கன் வரிசையில் எழுதி, சட்டை எண் போடாமல் கொடுத்த பட்டியல். எழுதியவர் செங்கல்வராயன், செக்கிங். படித்தவர் மேல் தப்பு இல்லை.'

ராஜசேகரன் இரண்டாம் முறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "பன்னெண்டு வருஷம் என்னை..."

"ஆமா," என்றார் செங்கல்வராயன்.

"மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை?"

"தப்ப எழுதிட்டேன். மத்த அறுநூறு கார்டுல கீற தப்பு நீங்க பண்ணது."

ராஜசேகரன் முகம் சிவந்தது. "அப்ப இதை நான் எதுக்கு டிவியில படிக்கணும்? என் தப்பே இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்க. பத்மா, இந்த வாரத்தை விட்டுடு."

பத்மா குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை. சுவரோரமாக நின்ற கன்னியம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

"சார், உன் தப்பு இல்லன்றது இந்த ரூம்புல நாலு பேருக்குத்தான் தெரியும். ஆவடி முச்சூடும் உன்னத்தான் திட்டிகினு கீது. அத நீ சொல்ல வேணாமா? சொல்லணும்னா என் பேரச் சொல்லாம எப்டி சொல்லுவ?"

ராஜசேகரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளை அவர் இதற்கு முன்னால் பார்த்தது எடிட்டிங் மேஜையில், ஊமைப்படத்தில்தான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

"பதினோரு செகண்டு," என்றார் செங்கல்வராயன். "படிச்சுப் பாத்துட்டேன். 'கன்னியம்மா'வை இழுத்துச் சொன்னா பன்னெண்டு."

ராஜசேகரன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு நோட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். செங்கல்வராயன் தங்கையைப் பார்த்தார். அவள் தலையை அசைத்த பிறகு பிடியை விட்டார்.