கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர்

சலவைக்கார அக்கா வெள்ளைத் துணி மட்டும்தான் எடுப்பார். "கலர் துணி அழுக்கை மறைச்சிடும் மேஸ்திரி. வெள்ளை காட்டிக்கொடுத்துடும்" என்பார். புருஷன் போன பிறகு அந்தத் தொழிலை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கரையேற்றினார். அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததே அடுத்த தெரு ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளால்தான்.

தெருக்குழாய் நின்றுபோனதும், வீட்டுக் கிணற்றுக்கு வடிகட்டும் தொட்டி கட்ட என்னைக் கூப்பிட்டார். இரும்புத் தண்ணீர். இறைக்கும்போது பளிங்கு மாதிரி இருக்கும். காற்றுப் பட்டால் ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பாகிவிடும். அதனால் ஓட்டைத் தட்டு வழியாக மழை மாதிரி விழவைத்து, துரு திரண்ட பிறகுதான் மணலுக்குள் விட வேண்டும். தொழில் பழகிய முதல் வாரமே தெரிந்த சங்கதி. தட்டு வைக்க இரண்டடி உயரம் வேண்டும். கூரைத் தகடு இடித்தது. வெட்டினால் அரை நாள் போகும் என்று சோம்பல்பட்டு, குழாயை நேரே மணலுக்குள் செருகிவிட்டேன்.

டம்ளரில் பிடித்து நீட்டினேன். "பாருங்க, உங்க முகமே தெரியுது."

"என் முகம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? துணி வெளுக்கணும்" என்று சிரித்தார்.

பத்தாம் நாள் ஆள் விட்டார். கொடியில் விரிப்புகள் முழுக்கத் தேநீர் சிந்தின மாதிரித் திட்டு. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லிவிட்டாராம்.

"சலவைச் சோடா அதிகமாப் போட்டிருப்பீங்க அக்கா" என்றேன். வாய் கூசவில்லை.

அவர் அதை நம்பினார். "இருக்கும். வயசாச்சு, கை அளவு தப்புது போல" என்று வெடித்துப்போன தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அதே விரிப்புகளை மூன்றாம் தடவையாக அலச உட்கார்ந்தார், அதே தண்ணீரில்.

தொட்டியைத் தட்டிக்கொட்டி ஒரு மணி நேரம் பாசாங்கு செய்துவிட்டுக் கிளம்பினேன். நான் வந்ததும் அக்கா அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்த டம்ளர் ஜன்னலில் அப்படியே இருந்தது. அடியில் துரு படிந்திருந்தது. அக்கா டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தப்பு என்மேலதான் அக்கா. தட்டு வைக்காம விட்டேன். தெரிஞ்சேதான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "என்கிட்ட சொல்லி என்ன தம்பி? எனக்கு வேலை தெரியலைன்னு சொன்னது நர்சம்மா. அங்க வந்து சொல்லு."

விரிப்பு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனேன். நோயாளிகள் உட்கார்ந்திருந்த வராந்தாவிலேயே சொன்னேன். நர்சம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க வீட்டுத் தொட்டியில தட்டு இருக்கா?"

"இருக்குங்க."

நர்சம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவிடம் மட்டும், "இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கோங்கம்மா" என்றார்.

மறுநாள் தட்டு வைத்தேன். விரிப்புகளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து அக்கா கறை எடுத்தார். ஆஸ்பத்திரி வேலை அவர் கையைவிட்டுப் போகவில்லை.

கூரையை வெட்ட அரை நாள்கூட ஆகவில்லை.